சிற்றுலையும் நிறுவனமும்: பழைய சேலம் மாவட்டத் தருமபுரிப் பகுதியை முன்வைத்து இரும்புத் தொழிலில் புத்தாக்கமும் தோல்வியும்

ஆய்வுச் சுருக்கம்

புத்தாக்கம் எவ்வாறு எழுகிறது, வாய்ப்பும் மூலதனமும் அரசு ஆதரவும் பெற்ற நிறுவனங்கள் சில ஏன் புத்தாக்கம் செய்யத் தவறுகின்றன என்னும் வினாக்கள் பெரும்பாலும் மேலைநாட்டு நிறுவனங்களின் வரலாற்றைக் கொண்டே ஆராயப்பட்டு வந்துள்ளன. இக்கட்டுரை அவ்வினாக்களைத் தமிழக வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்கிறது. இன்றைய தருமபுரியை உள்ளடக்கிய பழைய சேலம் மாவட்டத்தின் மரபுவழி இரும்பு உருக்குத் தொழிலும், அம்மாவட்டத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் நிறுவிய இரும்பாலையும் இதன் ஆய்வுப்பொருள்கள். உள்ளூர்த் தொழிலறிவை அறிந்திருந்தும் அதை உள்வாங்கும் அமைப்பை உருவாக்கிக்கொள்ளாமையே அந்நிறுவனத்தின் தோல்விக்கு அடிப்படை என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: தருமபுரி, தகடூர், பாராமகால், ஊட்சு எஃகு, பரங்கிப்பேட்டை இரும்பாலை, ஹீத், உள்வாங்கும் திறன், புத்தாக்கம்.

முன்னுரை

தருமபுரி மாவட்டம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் தனியே அமைந்தது. எனவே 19-ஆம் நூற்றாண்டுச் சேலம் மாவட்டத்தின் தொழில் வரலாறு தருமபுரியின் வரலாறும் ஆகும். மழை குறைந்த நிலம், வேலை தேடிப் புலம்பெயரும் மக்கள், பின்தங்கிய மாவட்டம் என்னும் இன்றைய படிமத்துக்கு அடியில் இப்பகுதி உலோகத் தொழிலில் பெற்றிருந்த இடம் மறைந்து கிடக்கிறது. அத்தொழிலைப் பெருநிறுவனமாக மாற்ற முயன்ற முதல் முயற்சி ஏன் தோற்றது என்பதைச் சொல்லாமல் அம்மறைவை விளக்க இயலாது.

அம்முயற்சியின் தோல்விக்கு மரக்கரித் தட்டுப்பாடு, போக்குவரத்துச் செலவு, கடன்சுமை ஆகியவை பொதுவாகக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவை உண்மையே. ஆயினும் இவை யாவும் அந்நிறுவனம் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்கள். ஒரு நிறுவனம் எதிர்கொண்ட சிக்கலையே அதன் தோல்விக்குக் காரணமாகக் கூறுவது போதிய விளக்கமாகாது. அச்சிக்கலுக்கு ஏன் தீர்வு காண முடியவில்லை என்பதே ஆராயத்தக்கது.

கோட்பாட்டுப் பின்புலம்

பொருளியல் அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் 1911-இல் வெளியிட்ட தம் நூலில் புத்தாக்கத்தின் ஊற்றாகத் தனிமனிதத் தொழில்முனைவரைக் கண்டார். 1942-இல் வெளியிட்ட நூலில் பெருநிறுவனங்களுக்கு அவ்விடத்தை அளித்தார். கிளேட்டன் கிறிஸ்டன்சன் 1997-இல், நன்கு நடைபெறும் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் தேவைகளைச் சரியாக நிறைவேற்றுவதாலேயே புதிய தொழில்நுட்பத்தைத் தவறவிடுகின்றன என வாதிட்டார். இவை சந்தையில் முன்பே வேரூன்றிய நிறுவனங்களுக்குப் பொருந்தும். புதிய இடத்தில் புதிய தொழிலைத் தொடங்கிய நிறுவனத்தின் தோல்வியை விளக்க இவை போதுமானவை அல்ல.

இவ்விடத்தில் வேறு இரு கருத்துகள் துணைபுரிகின்றன. ஒன்று, மைக்கேல் போலானி முன்வைத்த உள்ளுறை அறிவு. கையும் கண்ணும் செவியும் அறிந்து, சொல்லில் முழுமையாக வடிக்க இயலாத அறிவு அது. மற்றொன்று, வெஸ்லி கோஹனும் டேனியல் லெவிந்தாலும் 1990-இல் விளக்கிய உள்வாங்கும் திறன். வெளியிலுள்ள அறிவின் மதிப்பை உணர்ந்து, தன்வயப்படுத்தி, பயன்படுத்தும் ஆற்றலை இது குறிக்கும். அவ்வாற்றல் நிறுவனத்தினுள் முன்பே சேர்ந்துள்ள அறிவைப் பொறுத்தது. ஊழியர்களுக்கும் வெளியுலகுக்கும், ஊழியர்கள் தமக்குள்ளும் நடைபெறும் பரிமாற்றத்தையும் பொறுத்தது. நிறுவனத் தலைவர் ஒருவர் அறிந்திருப்பதும் நிறுவனம் அறிந்திருப்பதும் ஒன்றல்ல என்பதே இதன் உட்பொருள்.

தகடூர் நிலத்தின் இரும்பு மரபு

தகடூர் என வழங்கிய தருமபுரிப் பகுதி அதியமான் மரபினரின் நாடு. அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடியதாகக் கருதப்படும் புறநானூற்று 95-ஆம் பாடல், இருவரின் படைக்கலங்களையும் ஒப்பிடுகிறது. தொண்டைமானின் கருவிகள் அணிசெய்யப்பட்டுக் காவலில் உள்ளன. அதியமானுடையவை போரில் சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன. போர்ச்சிறப்பைப் பேசும் இப்பாடல், படைக்கலம் ஓயாமல் செப்பனிடப்பட்ட ஒரு சமூகத்தையும் அதில் கொல்லுலை பெற்றிருந்த நடுவிடத்தையும் உணர்த்துகிறது. முன்பு தருமபுரி மாவட்டத்தில் இருந்து இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையின் அகழாய்வு மாதிரிகள் இரும்புப் பயன்பாட்டைக் கி.மு. 2172 வரை கொண்டுசெல்வதாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது.

இம்மரபுக்கு அடிப்படை நிலத்தின் அமைப்பிலேயே உள்ளது. பழைய சேலம் மாவட்டத்தின் இரும்புத்தாது மாக்னடைட் எனப்படும் காந்த இரும்புத்தாது. அது குவார்ட்சுடன் கலந்து பட்டை பட்டையாகக் கிடைக்கிறது. நிலவியலாளர் குறிப்பிட்ட தாதுத் தொகுதிகளுள் சேலத்தை அடுத்த கஞ்சமலையும், இன்றைய தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலையும் அடங்கும். தாதுமலைகளை ஒட்டியே காடுகள் இருந்தன. தாதும் எரிபொருளும் அருகருகே கிடைத்தமையே சிற்றுலைத் தொழிலின் முதல் வலிமை.

சிற்றுலையின் தொழில்நுட்பம்

இப்பகுதியின் உருக்கு முறையைப் பற்றிய விரிவான விவரங்களை ஹீத்தே எழுதியுள்ளார். லண்டன் அரச ஆசியக் கழகத்தின் இதழில் 1839-இல் வெளிவந்த அவரது கட்டுரை இவ்வகையில் இன்றியமையாத சான்று. தாதுவில் இரும்பு ஆக்சைடு 52 பங்கும் குவார்ட்சு 48 பங்கும் இருந்ததை அவர் குறிப்பிடுகிறார். உருக்குவோர் தாதுவை இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசியோ முறத்தில் புடைத்தோ குவார்ட்சைப் பிரித்தனர். இன்றைய சுரங்கப் பொறியியலில் தாதுச் செறிவூட்டல் எனப்படும் செயலின் எளிய வடிவம் இதுவே.

உலை முழுவதும் களிமண்ணால் ஆனது. உயரம் சில அடிகளே. இருவர் சில மணி நேரத்தில் அதைக் கட்டி முடிப்பர், மறுநாளே பயன்படுத்தலாம். ஆட்டுத்தோலால் ஆன இரு துருத்திகள் மாறிமாறிக் காற்றூத, மூங்கில் குழலும் அதன் நுனியில் பொருத்திய களிமண் குழாயும் அக்காற்றை உலைக்குள் செலுத்தின. சில மணி நேரத்தில் இரும்புக் கட்டி கிடைத்தது. அதைச் சுத்தியால் அடித்துக் கிட்டத்தை வெளியேற்றித் தேனிரும்பாக்கினர்.

எஃகு செய்வது அடுத்த நிலை. இரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் இட்டு, எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரை விறகைச் சேர்த்து, பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்தனர். எருக்கிலையும் இதற்குப் பயன்பட்டது. இவ்வாறான இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதினால், இரும்பு உருகிக் கரிமத்தை ஏற்று வார்ப்பு எஃகாகியது. ஐரோப்பியர் ஊட்சு என அழைத்த எஃகு இதுவே. உருக்கு என்பதற்கு இனமான கன்னடச் சொல்லாகிய உக்கு என்பதன் திரிபே அப்பெயர் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது.

தாது உரிய அளவு தூய்மையாயிற்றா என்பதைக் கையும், உலையின் வெம்மையைத் தீயின் நிறம் கண்ட கண்ணும், மூசையில் இரும்பு உருகிவிட்டதா என்பதை நெடுநாள் பழக்கமும் தீர்மானித்தன. போலானி கூறும் உள்ளுறை அறிவுக்கு இதனினும் பொருத்தமான சான்று அரிது.

ஐரோப்பிய ஆய்வகங்களில் ஊட்சு

ஊட்சு எஃகின் மாதிரிகள் 1790-களில் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் வழியாக ஜோசப் பாங்க்ஸைச் சென்றடைந்தன. ஜார்ஜ் பியர்சன் 1795-இல் அதன் இயல்பை ஆராய்ந்து ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். மைக்கேல் பாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் இணைந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடத்திய எஃகுக் கலவை ஆய்வுகளுக்கும் ஊட்சே தூண்டுகோல். பிரான்சில் பிரேயான், உருசியாவில் அனோசவ் ஆகியோரும் இவ்வகை எஃகின் மருமத்தை நாடினர்.

ஊட்சை அவர்கள் அப்படியே செய்துகாட்டியதைவிட, செய்ய முயன்ற வழியில் எஃகின் வேதியியலைப் பற்றி அறிந்தவை மிகுதி. அயலிலிருந்து வந்த ஒரு பொருள் விடை தெரியாத வினாவாக ஆய்வகத்துள் நுழைந்தது. வினாவைத் துரத்தும் மனிதரும் வெளியிடும் இதழ்களும் அங்கிருந்தன. அப்பொருள் பிறந்த நிலத்தில் 1830-இல் தொடங்கிய நிறுவனத்தில் அவ்வினா எழவேயில்லை.

பரங்கிப்பேட்டை இரும்பாலை

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால், தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் அங்கு நிலவருவாயை ஒழுங்குபடுத்தினர். அடுத்த தலைமுறையில் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் சேலத்து வணிகப் பொறுப்பை வகித்தவர் ஹீத். இவ்விரும்பின் தரத்தை அறிந்து, 1825-இல் பணியைத் துறந்து இரும்புத் தொழிலில் இறங்கினார். ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையும், காடுகளில் விறகு வெட்டும் சலுகையும், அரசின் முன்பணமும் அவருக்குக் கிடைத்தன. 1830-இல் கடற்கரையிலுள்ள பரங்கிப்பேட்டையில் ஆலை தோன்றியது. மலபாரின் பேப்பூரிலும் உலை அமைந்தது.

ஆலையின் அமைவிடமே அதன் நோக்கத்தைக் காட்டும். சேலத்துத் தாதுமலைகளுக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையே 150 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு. துறைமுகத்தை ஒட்டி உலையைக் கட்டியதன் பொருள், உற்பத்தி தொடக்கத்திலிருந்தே இங்கிலாந்துச் சந்தையை நோக்கியது என்பதே. ஊதுலையில் மரக்கரியால் உருக்கிய வார்ப்பிரும்பு கப்பலேறிச் சென்று அங்கே எஃகுக்கு மூலப்பொருளாயிற்று. பன்னெடுங்காலம் எஃகையே செய்துவந்த நிலம், ஐரோப்பிய நிறுவனத்தின் கையில் எஃகுக்கு முந்தைய பொருளை அனுப்பும் நிலமாக மாறியது.

ஊதுலையின் பசி பெரிது. அண்மைக் காடுகள் அழிய அழியக் கரி மேலும் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. 1828-இல் நீல்சன் காப்புரிமை பெற்ற வெப்பக்காற்று முறையாலும் நிலக்கரிப் பயன்பாட்டாலும் பிரித்தானிய இரும்பின் விலை குறைந்துவந்தது. இந்நிலையில் நிறுவனம் மேற்கொண்ட மாற்றம் மூலதனத்தைப் பெருக்கியது மட்டுமே. 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்னும் புதிய அமைப்பு உருவாகி, காவிரிக்கரையிலுள்ள பூலாம்பட்டியிலும் திருவண்ணாமலையிலும் அதே வகை உலைகளைக் கட்டியது. 1860-கள் முடிவதற்குள் உலைகள் அணைந்தன.

நிறுவனம் ஏன் கற்கவில்லை

இத்தோல்வியில் வியப்பளிக்கும் கூறு, நிறுவனர் அறியாதவர் அல்லர் என்பதே. மூசை எஃகு முறையை விளக்கும்போது ஹீத் ஒன்றைச் சுட்டுகிறார். மூடிய கலத்தில் கரிமப் பொருளுடன் இரும்பை உருக்கி எஃகாக்க டேவிட் முஷெட் 1800-இல் காப்புரிமை பெற்றார். கரிம ஐதரசன் வளிமத்தால் இரும்பை எஃகாக்க சார்லஸ் மக்கின்டாஷ் 1825-இல் காப்புரிமை பெற்றார். மூசையில் விறகையும் பச்சிலையையும் இட்டு மூடும் இந்திய முறையில் இவ்விரு கொள்கைகளும் ஒருங்கே அடங்கியுள்ளன என்பது அவரது கருத்து. பிரித்தானியாவில் இரு காப்புரிமைகளாக மதிக்கப்பட்ட அறிவு சேலத்துச் சிற்றுலையில் காலங்காலமாக வழங்கிவந்ததை அவர் உணர்ந்திருந்தார்.

அந்த உணர்வு தலைவரின் கட்டுரையில் நின்றது. ஆலையின் அமைப்பில் இடம்பெறவில்லை. இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, தனியுரிமை. போட்டியாளர் நுழைய முடியாத களத்தில், வேறு வடிவில் சோதித்துப் பார்க்கும் இன்னொரு நிறுவனம் தோன்றவில்லை. பலர் பலவாறு முயன்று சிலர் வெல்வதே புத்தாக்கத்தின் இயல்பு. மாகாணம் முழுமைக்கும் ஒரே முயற்சி என்றபோது அதன் பிழையே மாகாணத்தின் பிழையாயிற்று.

இரண்டாவது, அளவு. சிற்றுலை எரிபொருளை நாடி நகரக்கூடியது. ஒருநாள் உழைப்பில் கட்டப்படுவதால் தவறினால் இழப்பும் சிறிது. ஊதுலை நகராது, அதற்கு எரிபொருளே நகர்ந்து வரவேண்டும். சிற்றுலைக்கும் ஊதுலைக்கும் இடைப்பட்ட அளவில், தாதுமலையின் அடிவாரத்திலேயே பரவலாக இயங்கக்கூடிய ஓர் அமைப்பை நிறுவனம் முயன்றிருக்கலாம். முதலீடு ஒரே வகை உலையில் முடங்கியபின் அம்முயற்சிக்கு இடமில்லை. 1853-இன் புதிய மூலதனம் பழைய பிழையையே பெருக்கியது.

மூன்றாவது, உழைப்புப் பிரிவினை. தொழில்நுட்பம் இங்கிலாந்திலிருந்து வருவது, தாதும் கரியும் கூலியுழைப்பும் உள்ளூரிலிருந்து வருவது என்பதே ஆலையின் அமைப்பு. உருக்குவோர் அவ்வமைப்பில் அறிவுடையோராக இடம்பெறவில்லை. கோஹனும் லெவிந்தாலும் கூறும் பரிமாற்றத்தின் வாயில் இங்கே அடைபட்டது.

ஷெஃபீல்டில் ஹீத்

இங்கிலாந்து திரும்பிய ஹீத்தின் வாழ்வு இவ்வாதத்துக்கு எதிர்ப்புறச் சான்றாகிறது. வார்ப்பு எஃகு செய்யும்போது மாங்கனீசுக் கார்பைடைச் சேர்க்கும் முறைக்கு அவர் 1839-இல் காப்புரிமை பெற்றார். விலையுயர்ந்த சுவீடன் இரும்பை நாடிய ஷெஃபீல்டு, இம்முறையால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு செய்ய முடிந்தது. இது ஊட்சு முறையிலிருந்து நேரே பெறப்பட்டது என்று கூறச் சான்றில்லை. ஆயினும் மூடிய மூசைக்குள் சேர்க்கும் சிறு பொருள் எஃகின் இயல்பையே மாற்றும் என்பதை ஆவாரை விறகிலும் எருக்கிலையிலும் நேரில் கண்டவர் அவர் என்பது கருதத்தக்கது.

பரங்கிப்பேட்டையில் தோற்றவர் ஷெஃபீல்டில் வென்றதற்கு அவரது ஆற்றல் மட்டும் காரணமாகாது. மூசை எஃகு செய்யும் பட்டறைகள் பல அடுத்தடுத்து இருந்த நகரம் அது. ஒரு கருத்து ஒரு பட்டறையிலிருந்து மற்றொன்றுக்குச் சில நாள்களில் பரவும். அப்பரவலே ஹீத்துக்குக் கேடாகவும் முடிந்தது. கார்பைடைத் தனியே செய்யாமல், மாங்கனீசு ஆக்சைடையும் கரிமப் பொருளையும் நேரடியாக மூசையில் இடலாம் என அவரே கண்டு தம் முகவர் அன்வினுக்குத் தெரிவித்தார். காப்புரிமை வாசகத்தில் இவ்வடிவம் இல்லை எனக் கூறி அன்வின் உரிமத் தொகை தர மறுத்தார். நெடிய வழக்கின் முடிவில் 1855-இல் பிரபுக்கள் அவை ஹீத் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஹீத் அதற்கு முன்பே இறந்திருந்தார். புத்தாக்கம் வென்றது; புத்தாக்கம் செய்தவர் தோற்றார். மறுஆண்டு பெசமர் முறை வந்தபோது, அதன் குறையைத் தீர்த்ததும் இராபர்ட் முஷெட் சேர்த்த மாங்கனீசுதான்.

சிற்றுலைகளின் முடிவு

நிறுவனத்தைவிடச் சிற்றுலைகள் நீண்ட காலம் வாழ்ந்தன. இந்திய நிலவியல் அளவைத் துறையின் தாமஸ் ஹாலந்து 1892-இல் சேலம் மாவட்டத்தின் இரும்புத்தாதையும் இரும்புத் தொழிலையும் பற்றி அறிக்கை எழுதும் அளவுக்கு அத்தொழில் கவனத்தில் இருந்தது. ஆயினும் சூழல் மாறிவிட்டது. 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை மொரப்பூர், பொம்மிடி வழியாகவே அமைந்தது. பிரித்தானியத் தண்டவாளங்கள், தீர்த்தமலையின் தாதுவுக்கு அண்மையில், இரும்பு உருக்கிய மக்களின் நிலத்தில் பதிக்கப்பட்டன. அப்பாதை மலிவான அயல் இரும்பை ஊர்ச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்கி, கரிக்கு மரம் எடுப்பதைக் கட்டுப்படுத்தியது. நிறுவனத்துக்குச் சலுகையாக வழங்கப்பட்ட காடு, சிற்றுலைக்காரருக்குக் குற்றத்தின் இடமாயிற்று.

சிற்றுலை மரபும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவில்லை என்பதை மறுக்க இயலாது. அன்றாடப் பிழைப்புக்கு மேல் மிகுதி இல்லாத தொழிலில் சோதனைக்கு இடமில்லை. எழுத்தில் பதியாத அறிவு, அதை அறிந்த கடைசித் தலைமுறையுடன் முடிந்தது. அறிவு உடையோரிடம் மூலதனம் இல்லை. மூலதனம் உடையோரிடம் அவ்வறிவைக் கேட்கும் செவி இல்லை. இரண்டும் இணையாமையே இவ்வரலாற்றின் இழப்பு.

முடிவுரை

புத்தாக்கம் தனிமனித மேதைமையிலிருந்து மட்டும் எழுவதன்று, பெருமூலதனத்திலிருந்து மட்டும் எழுவதும் அன்று. கைத்தொழிலின் உள்ளுறை அறிவும், அதை வினாவாக மாற்றும் ஆய்வுணர்வும், தவறிப் பார்க்க இடந்தரும் பல சிறு களங்களும் சந்திக்கும் இடத்தில் அது எழுகிறது. ஷெஃபீல்டில் இவை மூன்றும் இருந்தன. பழைய சேலம் மாவட்டத்தில் முதலாவது மட்டும் நிறைந்திருந்தது. மற்ற இரண்டையும் கொணர்ந்திருக்க வேண்டிய நிறுவனம், தனியுரிமையாலும் ஒரே வகை உலையாலும் அவற்றுக்கு வழியடைத்தது.

1970-களில் அமைக்கப்பட்டு 1980-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய சேலம் உருக்காலை, கஞ்சமலையின் அடிவாரத்திலேயே அமைந்தும், அம்மலையின் தாதுவை உருக்காமல் வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்கா எஃகைத் தகடாக்கும் ஆலையாகவே தொடங்கியது. காலமும் காரணமும் வேறாயினும், மண்ணின் வளமும் மக்களின் அறிவும் தொழிலின் வடிவமும் ஒன்றோடொன்று சேராத நிலை இங்கும் தொடர்ந்தது. தருமபுரியின் ஊர்ப்புறங்களில் சிதறிக் கிடக்கும் இரும்புக் கிட்டங்களைத் தொல்லியல் எச்சங்களாக மட்டும் பதிவு செய்யாமல், தொழில்நுட்ப வரலாற்றின் ஆவணங்களாகவும் வாசிக்க வேண்டிய தேவையை இவ்வரலாறு உணர்த்துகிறது. உலைகளின் பரவல், கிட்டத்தின் வேதியியல், வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றை இணைத்து ஆராய்வது இத்துறையின் அடுத்த பணியாக அமையலாம்.